தொண்டையின் அளவு

கைத்துப்பாக்கிகளில் ரிவால்வர் தன் குண்டை ஒரு இடைவெளியைத் தாண்ட வைக்கிறது. பிஸ்டலில் தோட்டா அமரும் அறையும் குழலும் ஒரே எஃகுத் துண்டில் குடையப்பட்டவை. வெடித்த குண்டு தன் வீட்டுக்குள்ளேயே நடந்து வெளியேறுகிறது. ரிவால்வரில் அப்படி இல்லை. தோட்டாக்கள் சுழலும் சிலிண்டரில் இருக்கின்றன, குழல் தனியாக முன்னால் நிற்கிறது. நடுவில் ஒரு சந்து. நல்ல ரிவால்வரில் அது 0.1 மில்லிமீட்டரிலிருந்து 0.2 மில்லிமீட்டர் வரை இருக்கும். குண்டு ஒரு எஃகிலிருந்து புறப்பட்டு, காற்றைக் கடந்து, இன்னொரு எஃகுக்குள் நுழைய வேண்டும். ரிவால்வரின் எல்லாச் சிக்கலும் இந்தச் சந்திலிருந்துதான் தொடங்குகிறது. அதைத் தீர்ப்பதற்கு மனிதர்கள் காட்டிய பொறுமையைப் பற்றியே நான் எழுத விரும்புகிறேன்.

சிலிண்டரின் ஒவ்வொரு அறையும் இரண்டு பகுதிகளைக் கொண்டது. பின்பகுதி அகலமானது, பித்தளைக் கூடு அங்கே உட்காரும். கூடு முடிகிற இடத்தில் அறை குறுகி, குண்டின் பருமனுக்கு வந்து, சிலிண்டரின் முன்முகம் வரை ஒரே சீராகப் போகிறது. இந்தக் குறுகிய பகுதிக்குத் தொண்டை என்று பெயர். நீளம் ஒரு விரல் நக அளவுகூட இல்லை. ஆனால் ஈயத்தை உருக்கி வார்த்த குண்டைச் சுடுபவருக்கு அந்தத் துப்பாக்கியிலேயே முக்கியமான இடம் இதுதான். குண்டின் மூக்கு சந்தைத் தாண்டிக் குழலின் வாய்க்குள் நுழையும் நேரத்தில் அதன் அடிப்பகுதி இன்னும் தொண்டைக்குள்ளேயே இருக்கிறது. அந்தக் கணத்தில் குண்டை நேராகப் பிடித்திருப்பது தொண்டை மட்டும். அது தளர்வாக இருந்தால் குண்டு சாய்ந்தே நுழையும். சாய்ந்து நுழைந்ததைக் குழல் நிமிர்த்தாது; சாய்ந்தபடியே சுழற்றி அனுப்பிவிடும்.

குழலின் உட்புறத்தில் முறுக்கிச் செல்லும் வரிகள் உண்டு. மேடும் பள்ளமுமாக அவை குண்டைக் கவ்விச் சுழற்றுகின்றன. பள்ளத்துக்குப் பள்ளம் அளக்கிற விட்டத்தையே குழலின் விட்டமாகக் கொள்வார்கள். ஆக, கணக்கில் மூன்று எண்கள்: குண்டின் விட்டம், தொண்டையின் விட்டம், வரிப்பள்ளத்தின் விட்டம். மூன்றும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவில் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். மனிதத் தலைமுடியின் தடிமன் அப்படி ஏறத்தாழ மூன்று பங்கு வரும். தொண்டை வரிப்பள்ளத்தைவிட அரைப் பங்கோ ஒரு பங்கோ பெரிதாக இருக்க வேண்டும். குண்டு தொண்டையின் அளவிலேயே இருக்க வேண்டும். விதி இவ்வளவுதான். இதைச் சொல்லிவிடுவது எளிது. ஆனால் கையில் இருக்கும் துப்பாக்கி எந்த விதியையும் படித்துவிட்டு வந்ததில்லை.

பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை நம்ப முடியாது என்பது இதில் முதல் பாடம். .38 ஸ்பெஷல் குண்டின் விட்டம் 0.38 அங்குலம் அல்ல, 0.357 அல்லது 0.358. .44 மேக்னத்தின் வரிப்பள்ளம் 0.429. இது ஏமாற்றுவேலை இல்லை, வரலாறு விட்டுச்சென்ற தடம். ஆரம்பகாலத் தோட்டாக்களில் குண்டும் பித்தளைக் கூடும் வெளிப்புறத்தில் ஒரே பருமன். குண்டின் அடியில் ஒரு சிறு குதிகாலைச் செதுக்கி அதைமட்டும் கூட்டுக்குள் செருகுவார்கள். மசகு மெழுகு குண்டின் வெளிப்புறத்தில் இருக்கும். சட்டைப்பையில் போட்டால் அதில் மண்ணும் நூலும் ஒட்டும். 1870களின் தொடக்கத்தில் ரஷ்ய ராணுவத்துக்காக ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த .44 தோட்டாவில் குண்டின் மசகுப் பள்ளங்கள் முழுவதும் கூட்டுக்குள் போயின. கூட்டுக்குள் போக வேண்டுமானால் குண்டு மெலிய வேண்டும். மெலிந்தது. பழைய எண் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. .45 கோல்ட்டின் கதை இன்னும் சிக்கலானது. இரண்டாம் உலகப் போருக்கு முன்பு செய்த குழல்களில் வரிப்பள்ளம் 0.454, பிறகு வந்தவற்றில் 0.451 அல்லது 0.452. பெயர் ஒன்றே. தாத்தாவின் துப்பாக்கிக்கு வார்த்த குண்டு பேரனுடையதற்குப் பொருந்தாது.

தொண்டைகளில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதல். அதே .45 கோல்ட்டில் 0.449 தொண்டையோடு வந்த ரிவால்வர்களும் உண்டு, 0.456 தொண்டையோடு வந்தவையும் உண்டு. தொழிற்சாலையில் ரீமர் என்னும் துருவுகருவி புதிதாக இருக்கும்போது குடைந்த அறை பெரிதாகவும், அது தேய்ந்து பலமுறை தீட்டப்பட்டபின் குடைந்த அறை சிறிதாகவும் அமையும். ஒரே சிலிண்டரின் ஆறு தொண்டைகளும் ஆறு விதமாக இருப்பது அபூர்வம் இல்லை. சுடுகிறவர் கை நடுங்கவில்லை, கண் தவறவில்லை. ஆனாலும் காகிதத்தில் ஒவ்வொரு ஆறிலும் இரண்டு ஓட்டைகள் தனியே ஒதுங்கி விழுகின்றன. அவர் தன் கையைக் குறைசொல்லிக்கொண்டு பல ஆண்டுகள் பயிற்சி செய்திருப்பார். அறைகளுக்கு எண் குறித்து, எந்த அறையின் குண்டு எங்கே விழுகிறது என்று பார்க்கத் தொடங்கும் நாளில்தான் தன் கைமேல் சுமத்திய பழி நீங்கும்.

பொருந்தாமல் போனால் என்ன ஆகும் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இரண்டு விதப் பொருந்தாமையும் ஒன்றுபோலவே தோற்றம் தரும். சிகிச்சை மட்டும் வேறு.

குண்டு தொண்டையைவிட மெலிந்திருந்தால் வெடிமருந்தின் வாயு குண்டைச் சுற்றிக் கசிந்து முன்னே ஓடும். ஒரு சதுர அங்குலத்துக்கு .38 ஸ்பெஷலில் 17,000 பவுண்டு வரை, .357 மேக்னத்தில் 35,000 பவுண்டு வரை அழுத்தம் ஏறக்கூடிய வாயு அது. ஈயத்தின் விளிம்பை அது அரித்து எடுத்துக்கொண்டு போய்க் குழலின் வாயில் அப்பிவிடுகிறது. அடுத்த குண்டு அதன்மேல் உரசி இன்னும் கொஞ்சம் விடுகிறது. ஐம்பது தோட்டா சுட்டபின் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் வரிகளின் ஓரத்தில் சாம்பல்நிறச் செதில்கள் தெரியும். சுடும் துல்லியம் பாதியில் கெட்டுப்போயிருக்கும். ஈயம் எங்கே படிந்திருக்கிறது என்பதே நோயைச் சொல்லும். சிலிண்டரை ஒட்டிய முதல் அங்குலத்தில் படிந்திருந்தால் குண்டு மெலிந்தது. குழலின் முன்முனைப் பக்கம் படிந்திருந்தால் மசகு பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

இன்னொரு விதம் இதற்கு நேர்மாறானது. தொண்டை வரிப்பள்ளத்தைவிடச் சிறியது. சுடுகிறவர் குழலை அளந்து, அதற்கேற்ற பெரிய குண்டை வார்த்து, கவனமாக அளவுபடுத்தித் தோட்டாவில் பொருத்துகிறார். அந்தக் குண்டு குழலைப் பார்ப்பதற்கு முன் தொண்டையின் வழியே போக வேண்டும். தொண்டை அதைப் பிழிந்து மெலிய வைக்கிறது. மெலிந்த குண்டு அகன்ற குழலுக்குள் தளர்வாக விழுகிறது. மறுபடியும் வாயு, மறுபடியும் ஈயம். அவர் இன்னும் பெரிய குண்டை வார்க்கிறார். தொண்டை அதையும் அதே அளவுக்குப் பிழிகிறது. அச்சை மாற்றலாம், கலவையை மாற்றலாம், குண்டை அழுத்தி அளவுபடுத்தும் எஃகு டைகளை எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம். வழியில் உட்கார்ந்திருக்கும் குறுகிய வாசல் மாறாதவரை முன்னால் செய்த கவனமெல்லாம் அந்த வாசலிலேயே கழிந்துபோகும். ரீமர் விட்டு ஆறு தொண்டைகளையும் ஒரே அளவுக்கு அகலப்படுத்துவதுதான் தீர்வு. துப்பாக்கிப் பட்டறைக்காரருக்கு அது பெரிய வேலை இல்லை. அது தேவை என்று கண்டுபிடிக்கத்தான் வருடங்கள் ஆகின்றன.

ஏன் அத்தனை வருடங்கள்? ஈயம் படிகிறது என்றதும் மனிதர்களுக்குத் தோன்றிய முதல் விளக்கம் தவறானது. குண்டு மென்மையாக இருக்கிறது, அதனால் தேய்கிறது, ஆகவே அதைக் கடினமாக்கு. கேட்டதும் ஒப்புக்கொள்ளத் தோன்றும் தர்க்கம். 1935இல் .357 மேக்னம் வந்தபோது இந்த நம்பிக்கை வேரூன்றியது. அதன் தொடக்ககாலத் தொழிற்சாலைத் தோட்டாக்களின் மென்மையான குண்டுகள் குழலை ஈயத்தால் அடைத்தன என்ற புகார் பரவலாக இருந்தது. வீட்டில் வார்ப்பவர்கள் கடினமான கலவையைத் தேடிப் போனார்கள். பிரினெல் அளவையில் சுத்த ஈயத்தின் கடினம் ஏறத்தாழ 5. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஈயம், ஐந்து வெள்ளீயம், ஐந்து ஆண்டிமனி என்ற பெயர்பெற்ற கலவைக்கு 15. அவர்கள் இன்னும் மேலே, 22க்குப் போனார்கள். அந்த உலோகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது.

அது அச்சுக்கூடத்திலிருந்து வந்தது. ஓட்மார் மெர்கந்தாலரின் லைனோடைப் இயந்திரம் 1886இல் நியூயார்க் டிரிப்யூன் நாளிதழில் வேலைக்கு வந்தது. ஒரு வரியை முழுதாக உருக்கி வார்க்கும் அந்த இயந்திரத்துக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம் சேர்ந்த கலவை. சீக்கிரம் உருகும், சீக்கிரம் உறையும், அச்சின் மூலைவரை போய் நிரம்பும், ஆறும்போது அதிகம் சுருங்காது. எழுத்தின் கூர்மையான விளிம்புக்கு என்ன தேவையோ அதுவே குண்டின் அடிவிளிம்புக்கும் தேவை. 1978 ஜூலை 1 இரவு நியூயார்க் டைம்ஸ் கடைசியாக லைனோடைப்பில் இதழைக் கோத்தது. அந்த ஆண்டுகளில் அமெரிக்க ஊர்களில் ஒவ்வொரு பத்திரிகையாக ஆப்செட்டுக்கு மாற, டன் டன்னாக அச்சுலோகம் பழைய இரும்புக் கடைகளுக்கு வந்தது. குண்டு வார்ப்பவர்கள் அதை வாங்கிப் போனார்கள். முந்தாநாள் செய்தியாக இருந்தது நாளைக்குக் குண்டாயிற்று.

இதைப் படித்தபோது என் மனம் நம் ஊர் அச்சகங்களுக்குப் போனதில் வியப்பில்லை. 1959இல் சி.சு. செல்லப்பா ‘எழுத்து’ தொடங்கியபோதும், அதற்குப் பின் வந்த சிறுபத்திரிகைகள் பலவற்றிலும், கைகளால் ஒவ்வொன்றாகக் கோத்த எழுத்துகளும் இதே மூன்று உலோகங்கள்தான். விகிதம் மட்டும் வேறு. அதற்கும் முன்னால், தரங்கம்பாடி மிஷனுக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால் பொறையாறில் ஆட்லர் என்பவர் சிறிய எழுத்துகளை வார்த்தார். பாலாடைக்கட்டி டின்களின் ஈய மூடிகளை உருக்கித்தான் அவர் அவற்றைச் செய்தார் என்று நம் அச்சு வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். கிடைத்த ஈயத்தை எடுத்து உருக்குவது எந்தக் காலத்திலும் இந்த உலோகத்தோடு வாழ்ந்தவர்களின் வழக்கம். அமெரிக்காவின் வார்ப்பாளர்கள் கார்ச் சக்கரத்தில் சமநிலைக்காகப் பொருத்தும் எடைக்கட்டிகளை டயர்க் கடைகளில் பொறுக்கியதும் அதே வழக்கம்.

கடினமான குண்டு வந்தது. ஈயப் படிவு போகவில்லை. பல துப்பாக்கிகளில் கூடிற்று. காரணம் இப்போது தெளிவாகத் தெரிகிறது. மென்மையான குண்டு, கொஞ்சம் மெலிந்திருந்தாலும், பின்னாலிருந்து வாயு அடிக்கும் அடியில் அகன்று தன்னைச் சுற்றியுள்ள இடைவெளியை அடைத்துக்கொள்ளும். கடினமான குண்டு அகலாது. மெலிந்தபடியே, விறைத்தபடியே போகும். அதன் ஓரமாக வாயு தாராளமாக ஓடும். ஐடஹோ மாநிலத்து எல்மர் கீத், .44 மேக்னம் 1956இல் கடைக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே .44 ஸ்பெஷலில் கடுமையான மருந்தளவுகளோடு பாடுபட்டவர். ஒரு பங்கு வெள்ளீயத்துக்குப் பதினாறு பங்கு ஈயம் என்ற, அவ்வளவாகக் கடினமில்லாத கலவையிலேயே அவர் திருப்தி அடைந்தார். ஐடியல் நிறுவனத்துக்காக அவர் வடிவமைத்த 429421 என்ற எண்ணுள்ள குண்டச்சு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் குண்டின் முன்பகுதியில் தொண்டையின் பருமனுக்கு ஒரு அகன்ற பட்டை உண்டு. குண்டு கூட்டில் இருக்கும்போதே அந்தப் பட்டை தொண்டைக்குள் நுழைந்து அதை நடுவில் நிறுத்துகிறது. வடிவமைத்தவருக்கு எங்கே கவனம் இருந்தது என்பதற்கு அந்தப் பட்டை போதும்.

ஒரு தவறான விளக்கம் அரை நூற்றாண்டு தாங்கி நின்றது என்னை வெகுவாக யோசிக்க வைக்கிறது. கடினமாக்குவது பார்ப்பதற்குச் செயல்போலத் தெரிகிறது. புதிய உலோகம் வாங்கலாம், அச்சிலிருந்து சூடாக விழும் குண்டைத் தண்ணீரில் போட்டு இறுக்கலாம், நகத்தால் கீறியும் கோடு விழாததைக் கண்டு மகிழலாம். பொருத்தம் பார்ப்பதில் அப்படி எதுவும் இல்லை. அளந்துகொண்டே இருக்க வேண்டும். அளந்தபின் பல நேரம் ஒன்றும் செய்யாமல் விட வேண்டும். தோல்வி வரும்போது இன்னும் கடினமாகு என்று மற்றவர்க்கும் தமக்கும் சொல்லிக்கொள்கிற மனிதர்களை நான் நிறைய அறிவேன். அவர்களில் பெரும்பாலோரிடம் குறை கடினத்தில் இருக்கவில்லை.

பழைய காலத்தில் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருந்தார்கள். சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற ரிவால்வரும் அதன் வழிவந்தவையும் உலோகக் கூடு இல்லாதவை. அறையில் முன்பக்கமாக மருந்தைப் போட்டு, அதன்மேல் சுத்த ஈய உருண்டையை வைத்து, நெம்புகோலால் அழுத்துவார்கள். உருண்டை அறையின் வாயைவிட வேண்டுமென்றே பெரிதாக வார்க்கப்பட்டது. அழுத்தும்போது எஃகு விளிம்பு அதைச் சீவும். மெல்லிய ஈய வளையம் ஒன்று தனியே கழன்று விழும். வளையம் முழுதாக விழுந்தால் உருண்டை அறையைச் சுற்றிலும் அடைத்துவிட்டது என்று பொருள். அளவுபடுத்தும் டையும் தொண்டையும் ஒரே இடத்தில் இருந்தன. எந்த அறையில் வெடிக்கப்போகிறதோ அந்த அறையே குண்டை அளவெடுத்தது. பித்தளைக் கூடு வந்து எல்லாவற்றையும் எளிதாக்கியபோது இந்த நேரடி உறவு அறுந்தது. குண்டு ஓரிடத்தில் செய்யப்பட்டது, தொண்டை இன்னோரிடத்தில்.

முன்வாயால் நிரப்பும் நீண்ட துப்பாக்கிகளில் இதே கேள்வி தலைகீழாக இருந்தது. வரியுள்ள குழலில் முன்புறமாகக் குண்டு உள்ளே இறங்க அது மெலிந்திருக்க வேண்டும். வெளியேறும்போது வரிகளைக் கவ்வ அது பருத்திருக்க வேண்டும். 1849இல் பிரெஞ்சு ராணுவத்தின் கிளாட்-எத்தியென் மினியே அடியில் குழிந்த குண்டைக் கொண்டுவந்து இதைத் தீர்த்தார். வாயு குழிக்குள் புகுந்து குண்டின் பாவாடையை விரித்துவிடும். ஆங்கிலேயர் அதன் வழியில் 1853ஆம் ஆண்டு மாதிரி என்ஃபீல்டைச் செய்தார்கள். குழல் 0.577 அங்குலம், குண்டு 0.568. இடையில் இருந்த, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்பது பங்கு இடத்தைக் காகிதமும் மசகும் நிரப்பின. அந்த மசகில்தான் நம் துணைக்கண்டத்தின் வரலாறு வழுக்கியது. விலங்குக் கொழுப்பு பூசிய தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும் என்ற பேச்சு 1857 ஜனவரியில் கல்கத்தாவுக்கு அருகே டம்டம்மில் பரவியது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படையினரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10 அன்று கிளர்ச்சி வெடித்தது. அதற்குக் காரணங்கள் பல, நிலமும் வரியும் அரசுரிமைப் பறிப்பும் அவற்றில் அடங்கும். ஆனால் ஈயத்துக்கும் எஃகுக்கும் நடுவே எதைத் தடவுவது என்ற பட்டறைக் கேள்வி, அதைக் கையில் எடுக்கிறவனின் வாயையும் சாதியையும் மதத்தையும் தொடும் என்று அலுவலகத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தோன்றவில்லை. 1859இல் ஆங்கிலேயர் என்ஃபீல்டின் குண்டை 0.55 அங்குலமாகக் குறைத்தார்கள், மசகைத் தேன்மெழுகாக மாற்றினார்கள். இன்று அமெரிக்க வார்ப்பாளர்கள் குண்டின் பள்ளங்களில் நிரப்பும் மெழுகுகளில் பெரும்பாலானவற்றுக்கும் அடிப்படை தேன்மெழுகுதான்.

இனி அளக்கும் வேலை. இதில்தான் எனக்கு அதிக ஈடுபாடு.

சிலிண்டரைக் கழற்றி, தொண்டைகளைத் துப்புரவாகத் துடைத்து, எண்ணெய் இட்டு, தொண்டையைவிடச் சற்றே பெரிய சுத்த ஈயக் கட்டி ஒன்றை மரக்கோலால் தட்டி உள்ளே செலுத்துவார்கள். அது மறுபுறம் வரும்போது தொண்டையின் அளவைத் தன் உடம்பில் எழுதிக்கொண்டு வரும். அதை மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். வெர்னியர் காலிப்பர் இந்த நுணுக்கத்துக்குப் போதாது. ஆறு தொண்டைக்கும் ஆறு கட்டிகள். பிறகு குழலுக்கு ஒன்று. கோல்ட் குழல்களில் ஆறு வரிகள், பள்ளத்துக்கு எதிரே பள்ளம் வரும், அளப்பது எளிது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் குழல்களில் ஐந்து வரிகள். பள்ளத்துக்கு எதிரே மேடு நிற்கும், சாதாரண மைக்ரோமீட்டர் பொய் சொல்லும். வி வடிவ அடைகல் உள்ள தனி மைக்ரோமீட்டர் வேண்டும். கட்டியைக் குழலில் தள்ளும்போது கைக்குத் தெரிகிற இன்னொன்றும் உண்டு. குழலைச் சட்டத்தில் மரை போட்டு முடுக்கியிருக்கும் இடத்தில் சில துப்பாக்கிகளில் எஃகு நெருக்குண்டு உட்புறம் சுருங்கியிருக்கும். கோல் அங்கே ஒரு கணம் இறுகி, பிறகு இலகுவாகும். எந்த அளவுகோலும் சொல்லாததை விரல் சொல்லிவிடும்.

அளவு தெரிந்தபின் குண்டு. ஏறத்தாழ 370 டிகிரி செல்சியஸில் உருகிய கலவையை அச்சில் ஊற்றி, உறைந்ததும் மேல்தகட்டைத் தட்டித் திறந்து, குண்டைத் துணிமேல் விழவிடுவார்கள். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டில் சுருக்கம் விழும். அதிகம் சூடேறினால் மேற்பரப்பு பனிபடிந்ததுபோல் மங்கும், அது அவ்வளவு கேடில்லை. அடிவிளிம்பு மழுங்கியிருந்தால் அந்தக் குண்டைத் திரும்பக் கலத்தில் போட்டுவிடுவார்கள். மாசசூசெட்ஸ் மருத்துவர் பிராங்க்ளின் மான் தன் வாழ்நாளில் பெரும்பகுதியைக் குண்டின் பறப்பை ஆராய்வதில் செலவிட்டு 1909இல் ஒரு பெரிய நூலை வெளியிட்டார். மூக்கு சிதைந்த குண்டு பெரும்பாலும் நேராகவே போகிறது, அடி சிதைந்தது வழி தவறுகிறது என்பதை அவர் சோதித்துக் காட்டினார். வாயு கடைசியாகக் கைவிடும் இடம் அடிவிளிம்பு. அங்கே ஒரு பக்கம் மழுங்கியிருந்தால் அந்தக் கணத்தில் குண்டு ஒருபக்கமாகத் தள்ளப்படுகிறது.

வார்த்த குண்டு எப்போதும் தேவையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும்படி அச்சு செய்யப்படுகிறது. அதை வட்டமான எஃகு டைக்குள் நெம்புகோலால் அழுத்தி, அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்கு குறைப்பார்கள். அதற்கு மேல் குறைத்தால் பட்டைகள் சிதையும், மசகுப் பள்ளம் மூடும். கடைசிச் சோதனைக்குக் கருவி எதுவும் வேண்டாம். டையிலிருந்து வந்த குண்டைச் சிலிண்டரின் முன்பக்கத்திலிருந்து தொண்டைக்குள் விரலால் தள்ளிப் பார்ப்பார்கள். தானாகவே விழுந்தால் மெலிந்தது. விரலுக்கு அசையவே இல்லையென்றால் பெரிது. இலேசான எதிர்ப்போடு வழுக்கிப்போனால் சரி. இத்தனை மைக்ரோமீட்டருக்குப் பிறகும் தீர்ப்பு ஒரு பெருவிரலின் உணர்வுக்குத்தான் போகிறது என்பதில் எனக்குப் பெரிய மரியாதை இருக்கிறது. எண்கள் அந்த விரலைப் பழக்கியிருக்கின்றன, அதன் இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

இவ்வளவும் எதற்காக என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு இந்தக் கட்டுரையை முடிப்பது நேர்மையாகாது. வார்த்த குண்டுகளில் மிகப் பெரும்பான்மை காகித இலக்கையும் எஃகுத் தகட்டையும் தவிர வேறு எதையும் தொடுவதில்லை. இருந்தாலும் இது ஆயுதம். 2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டவர்கள். அந்த நாட்டில் ஒருவர் தன் கொட்டகையில் சட்டப்படி குண்டு வார்க்கலாம். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உரிமமின்றி வெடித்தோட்டா செய்வதைக் குற்றமாக்குகிறது. அது அப்படியே இருக்க வேண்டும் என்பதே என் கருத்து. ஒரு கைவினையின் நுட்பத்தை மதிப்பதற்கு அதைத் தன் ஊரில் வரவேற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஈயத்துக்கும் தனியாகக் கணக்கு இருக்கிறது. கலிபோர்னியாவின் கொண்டோர் என்ற மாபெரும் பிணந்தின்னிப் பறவை 1982இல் உலகத்தில் 22 மட்டுமே எஞ்சியிருந்தது. வேட்டையில் இறந்த விலங்குகளின் உடலில் சிதறிய ஈயத் துணுக்குகளைத் தின்று அவை செத்துக்கொண்டிருந்தன. 2019 ஜூலை 1 முதல் அந்த மாநிலம் வேட்டையில் ஈயக் குண்டை முழுதும் தடைசெய்தது. பறவையைக் கொல்லும் அதே ஈயம் வார்க்கிறவரின் இரத்தத்திலும் சேர்கிறது. நம் அச்சகங்களில் எழுத்துப் பெட்டியின் முன் காலமெல்லாம் நின்று, அதே விரலால் பீடியும் வடையும் எடுத்த அச்சுக்கோப்பாளர்களின் இரத்தத்தை யார் பரிசோதித்தார்கள்?

கடல்தாண்டி வாழும் தமிழர்களில் சிலர் அங்கே சட்டப்படி சுடும் பயிற்சிக் கழகங்களில் சேர்ந்து இந்த வேலையைச் செய்யக்கூடும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அச்சும் டையும் வாங்குவதற்கு முன் ஆறு தொண்டைகளையும் அளந்துவிடுங்கள். தொண்டை வரிப்பள்ளத்தைவிடச் சிறியதாக இருந்தால் முதலில் துப்பாக்கியைத் திறமையானவரிடம் கொடுத்துச் சரிசெய்யுங்கள். கலவையைக் கடினமாக்கிக் காலத்தைக் கழிக்காதீர்கள். ஈயத்தைத் திறந்த வெளியில் உருக்குங்கள், அந்தப் பக்கம் குழந்தைகளை விடாதீர்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவாமல் சோற்றில் வைக்காதீர்கள். துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள், சாவி உங்களிடம் மட்டும் இருக்கட்டும்.